மூன்று பைட்டில் அடங்காத மொழிகள்

"யூனிகோடில்தானே சேமிக்கிறோம், பிறகென்ன?" என்பது இந்திய மொழித் துறைகளில் பழகிப்போன சமாதானம். எழுத்துக்கு எத்தனை பைட் என்று கேட்டால், அது தொழில்நுட்பப் பிரிவின் வேலை என்று பதில் வரும். மொழித்தரவின் இழப்பு அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தள வழங்கியில் 'ஷோ கேரக்டர் செட்' என்னும் ஒற்றைக் கட்டளையை இட்டால், அது அறிந்த எழுத்துத் தொகுதிகள் நாற்பது அளவில் பட்டியலாக விரியும். தாய், ஆர்மீனியம், ஜார்ஜியம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள் உண்டு. இந்தியா 1991இல் தரப்படுத்திய இஸ்கிக்கு அங்கே இடமில்லை. ஆகவே இந்திய எழுத்துகள் நடைமுறையில் யூனிகோட் தொகுதிகளையே நம்பியுள்ளன.

சிக்கல் அங்கேதான். 'யூடிஎஃப்8' என்று அவ்வழங்கியில் நெடுங்காலம் வழங்கிய தொகுதி, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நான்கு பைட் ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' 2010இல்தான் வந்தது. 2018இல் வெளியான 8.0 பதிப்பில்தான் இயல்நிலையானது. தமிழ், தேவநாகரி, சந்தாலியின் ஒல் சிக்கி ஆகியவை மூன்று பைட்டில் அடங்கும். ஹோ மொழியின் வராங் சிதிக்கும், சோரா மொழியின் சோரா சோம்பெங்குக்கும் நான்கு வேண்டும். பழைய தொகுதியில் அவற்றை இட்டால், கண்டிப்பு முறையில் பிழை வரும். அது இல்லாதபோது அவ்வெழுத்து முதல் எஞ்சிய உரை முழுதும் வெட்டப்பட்டு, எச்சரிக்கை ஒன்று மட்டும் மிஞ்சும். அதை யார் படிக்கிறார்கள்?

தமிழாய்வாளரும் ஒதுங்கி நிற்க இயலாது. முந்திரி முதலிய பழம் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் பெற்ற இடமும் நான்கு பைட் பகுதியே.

உரோமன் ஒலிபெயர்ப்பே போதும் என்பாரும் உளர். ஒரு சமூகம் தன் மொழியை எந்த எழுத்தில் எழுதத் தேர்ந்தது என்பதும் தரவே. ஒலிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொள்வது அத்தேர்வைத் துடைத்தெறிவதாகும்.

பட்டியலில் ஒரு தொகுதி இருப்பது, வழங்கிக்கு அது இயலும் என்பதற்கே சான்று. பயன்பாட்டில் இருப்பதற்கு அன்று. அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு ஒவ்வொன்றிலும் எது அமைந்துள்ளது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்காமல் களத்துக்குச் செல்வதை எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. ஆய்வேட்டின் ஆய்வுமுறை இயலில் அக்கருவியின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்துத் தொகுதியின் பெயரும் இடம்பெறட்டும். அந்த ஒரு வரி இல்லாத தரவகத்தை, முழுமையானது என்று எந்தத் தேர்வாளரும் ஏற்கலாகாது.