பழையதைப் புதுக்குவோர்

திருவண்ணாமலை மாவட்டத்து வெம்பாக்கம், பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணிச் சீமையைச் சார்ந்த ஊர். வடக்கே காஞ்சிபுரம், மேற்கே ஆரணி. இவ்விரு பட்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட நாட்டில், தறியோசை கேட்கும் தெருக்கள் இன்றும் பல உள்ளன. அத்தகைய தெருவில் ஒரு நெசவாளர் வீட்டினுள் நுழைவோர் முதலிற் காண்பது குழித்தறி. அதன் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியும், அப்பெட்டியிலிருந்து மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் அடுத்துக் கண்ணைக் கவரும்.

சேலையின் கரையில் ஓர் அன்னம் தோன்ற வேண்டுமாயின், அது முதலில் கட்டத்தாளில் வரையப்பட வேண்டும். தாளின் ஒவ்வொரு கட்டமும், ஒரு பாவிழையும் ஓர் ஊடையிழையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். கட்டத்தை நிரப்பினால் அவ்விடத்தில் ஜரிகை மேலே தெரியும். வெறுமையாக விட்டால் பட்டின் நிறமே தெரியும். பாதி நிரப்புதல் என்பது கட்டத்தாளில் இல்லை. ஆதலால் அன்னத்தின் கழுத்து உண்மையில் வளைவன்று. படிப்படியாக ஏறி இறங்கும் சிறு படிகளின் வரிசை அது. கண்ணும் அலகும் சில கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். தாளை அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு அது கட்டங்களின் குவியலாகவே தோன்றும். அதே உரு பட்டில் நெய்யப்பட்டு, கையெட்டும் தொலைவில் அசையும்போதோ, அன்னம் நீந்தும்! எந்தக் கட்டத்தில் கழுத்தைத் திருப்பினால் தொலைவில் வளைவாகத் தோன்றும் என்று கண்டறிந்தவனே வரைவுக் கலைஞன்.

இந்தக் கட்டத்தாளை நன்கு அறிந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டின் படங்கள் புதுமையல்ல. திரையில் ஓடியாடும் உருவங்களும் கட்டங்களால் ஆனவையே. அக்கட்டத்தைப் பிக்சல் என்பர். உறவு இவ்வளவோடு நிற்கவில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் துளையட்டையால் இயங்கும் நெசவுப் பொறியை அமைத்தார். துளையிருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லையேல் தூக்காது. இங்கிலாந்தின் பாபேஜ் என்னும் கணித அறிஞர், தாம் வகுத்த கணிப்பொறிக்கு இத்துளையட்டையையே மேற்கொள்ளக் கருதினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு துளையட்டைகளைக் கொண்டே கூட்டப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலும் நெடுங்காலம் கணினிகள் அட்டையையே படித்தன. கணினித் திரையைத் தறியின் பேரப்பிள்ளை என்றால் மிகையாகாது.

இக்கணினி விளையாட்டுகளைப் பற்றி உலகெங்கும் ஒரு வழக்கம் பரவியுள்ளது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த விளையாட்டுகளை இளமையில் ஆடி மகிழ்ந்த ஆர்வலர்கள், அவற்றின் படங்களைத் தாமே புதுக்குகின்றனர். நூறு கட்டத்தில் இருந்த உருவத்தைப் பதினாயிரம் கட்டத்தில் வரைகின்றனர். தட்டையாக இருந்த சுவருக்குச் செங்கலும் காரையும் பூசுகின்றனர். நிழலில்லாத இடத்தில் நிழலை வீழ்த்துகின்றனர். இதற்குக் கூலி பெறுவோர் சிலரே. பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்து, இரவில் கண்விழித்து இவ்வேலையைச் செய்வோரே மிகப் பலர். அன்பினால் செய்யும் பணியை இகழ்தல் ஆகாது. ஆயினும், அன்பு ஒன்றே புதுக்குதற்குப் போதுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழைய விளையாட்டைத் தொடவே கூடாது என்பார் ஒருசாரார். அவர் கூற்று கேட்பதற்கு இனிதாயினும் ஆராய்ச்சிக்கு நில்லாது. அன்றைய விளையாட்டுகள் கண்ணாடிப் படக்குழாய்த் திரைக்கென வரையப்பட்டவை. அத்திரையில் ஒரு கட்டத்தின் ஒளி பக்கத்துக் கட்டத்தோடு சற்றே கசிந்து கலக்கும். ஓவியர் அக்கசிவையும் கணக்கிற்கொண்டே வண்ணம் வைத்தனர். இன்றைய தட்டைத் திரை ஒவ்வொரு கட்டத்தையும் கத்தியால் வெட்டினாற்போல் காட்டுகிறது. ஆகவே பழைய படத்தை ஒரு மாற்றமும் செய்யாது இத்திரையில் இட்டாலும், அது பழைய படம் ஆவதில்லை. நெய்த சேலையை விடுத்துக் கட்டத்தாளைக் காட்டுவது போன்றது அது. இதனை உணர்ந்த ஆர்வலர் சிலர், பழைய திரையின் ஒளிக்கசிவைப் புதிய திரையிலும் தோற்றுவிக்கும் நிரல்களை எழுதியுள்ளனர். தொடாமல் விடுபவரைக் காட்டிலும் இவரே பழமைக்கு அணுக்கர்.

எல்லாவற்றையும் துலக்கிவிடலாம் என்பார் மற்றொரு சாரார். இவர் பக்கத்தில்தான் இடர் மிகுதி. 1981-ஆம் ஆண்டில் சப்பானிய நாட்டில் டாங்கி காங் என்னும் விளையாட்டு வெளிவந்தது. மாரியோ என்று பின்னர்ப் பெயர்பெற்ற தச்சன் அதில் தோன்றினான். பதினாறுக்குப் பதினாறு என்னும் கட்டத்துக்குள் அவன் உருவம் முழுவதும் அடங்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிறிய முகத்தில் வாயை வரைய இயலாது. ஆகையால் மியாமோட்டோ என்னும் ஓவியர் பெரிய மூக்கையும் அதன்கீழ் மீசையையும் வைத்தார். தலைமயிர் அசைவதைக் காட்ட இயலாது. ஆகையால் தொப்பி அணிவித்தார். கை வீசுவது உடலினின்று வேறாகத் தெரிய வேண்டும். ஆகையால் சட்டைக்கு ஒரு நிறமும் மேலங்கிக்கு ஒரு நிறமும் கொடுத்தார். இன்று உலகறிந்த அம்முகம் கட்டத்தின் குறுக்கத்தால் பிறந்தது. இதனை அறியாத ஒருவர், “இப்போது கட்டங்கள் நிறைய உள்ளன, மீசையை எடுத்துவிட்டு வாயை வரைவேன்” என்று புகுந்தால் என்ன ஆகும்? வாய் கிடைக்கும், மாரியோ கிடைக்கமாட்டான்.

இது கற்பனை அச்சம் அன்று. 1999-இல் வெளிவந்த சைலண்ட் ஹில் என்னும் விளையாட்டில் ஒருவன் ஆளரவமற்ற ஊரில் தன் மகளைத் தேடி அலைகிறான். ஊரெங்கும் அடர்பனி. அன்றைய பொறிக்குத் தொலைவிலுள்ள கட்டடங்களை வரையும் ஆற்றல் இல்லை. அக்குறையை மறைக்கவே பனியைப் படரவிட்டனர். ஆனால் ஆடுவோர் நெஞ்சில் அப்பனியே அச்சமாக நின்றது. நான்கடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமையே அவ்விளையாட்டின் உயிர். அதன் இரண்டாம் பாகம் 2001-இல் வந்தது. 2012-இல் அப்பாகத்தையும் அடுத்ததையும் தெளிவான படங்களோடு புதுக்கி வெளியிட்டபோது பனி மெலிந்தது. எவரும் காணக்கூடாதென்று மறைத்த நிலத்தின் விளிம்பு அம்மணமாகத் தெரிந்தது. தெளிவு கூடியது, அச்சம் ஓடிற்று. அப்பாகத்தின் கணினிப் பதிப்பிலும் பனி முதலியவை குன்றிக் கிடந்தன. அவற்றைப் பழைய அளவுக்கு மீட்டவர் யார்? கூலி பெறாத ஆர்வலரே. புதுக்குதல் என்ற பெயரில் அவர்கள் செய்த பெரும்பணி, மறைக்க வேண்டியதை மீண்டும் மறைத்தது.

இப்போது மற்றொன்று சேர்ந்துள்ளது. 2018-ஆம் ஆண்டு தொட்டு, கற்கும் ஆற்றலுடைய கணினி நிரல்களிடம் பழைய படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லும் முறை ஆர்வலரிடையே பரவியது. மாதக்கணக்கில் கையால் வரைய வேண்டியதை இந்நிரல் ஓரிரவில் செய்துவிடும். ஆனால் அது படத்தை வாசிப்பதில்லை, ஊகிக்கிறது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்னும் விளையாட்டின் மூன்று பாகங்கள் 2021-இல் நிறுவனத்தாலேயே புதுக்கப்பட்டபோது, இவ்வகை முறையால் கடைப் பலகைகளின் எழுத்துகள் சில பிழைபட்டன. ஒரு பணியாரக் கடையின் அடையாளமாக அறுமூலைத் திருகுமரை ஒன்று இருந்தது. கடையின் பெயரும் அத்திருகுமரையைத் தொட்டதே. மூலைகளை மழுக்கியதால் அது வெறும் வட்டமாயிற்று; பெயரிலிருந்த நகையும் போயிற்று. நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து, நிறுத்திவைத்திருந்த பழைய பதிப்புகளையும் மீண்டும் விற்பனைக்கு வைத்தனர். ஏட்டைப் படியெடுப்போன் பொருளறியாது எழுத்தைத் ‘திருத்தி’ எழுதிய கதைதான் இது. தமிழ்ச் சுவடிகளை ஆய்ந்தோர் இத்தகைய திருத்தங்களால் பட்ட பாடு கொஞ்சமன்று.

அச்சுவடிகளின் வரலாறே புதுக்குவோர்க்கு நல்ல வழிகாட்டியாகும். ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் இருக்கும். சொற்கள் பிரிவின்றித் தொடர்ந்து ஓடும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது அவ்வோலைகளை உள்ளபடியே படம்பிடித்துத் தரவில்லை. புள்ளி இட்டார், சீர் பிரித்தார், குறிப்பு வரைந்தார். அவ்வகையில் அவரும் பழையதைப் புதுக்கியவரே. ஆனால் ஒரு சொல் இரண்டு ஏடுகளில் இருவகையாக இருந்தால், தமக்கு உகந்ததை மேலே வைத்து, மற்றதைப் பாடபேதமாக அடியிற் காட்டினார். படிப்பவன் அவர் முடிபை ஒப்பாவிடினும், ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அடைபடவில்லை. இந்நேர்மை இல்லாதிருந்தால் அவருடைய பேருழைப்பும் ஒருவர் விருப்பமாகவே முடிந்திருக்கும்.

கணினி விளையாட்டிலும் பாடபேதம் காட்டியவர் உண்டு. 1990-இல் வந்த மங்கி ஐலண்ட் என்னும் விளையாட்டு 2009-இல் புதுக்கப்பட்டது. அதில் ஒரு விசையை அழுத்தினால் புதிய படம் மறைந்து, அதே காட்சியின் பழைய படம் தோன்றும். மீண்டும் அழுத்தினால் புதியது வரும். தம் வேலையைப் பழைய வேலையின் அருகில் வைத்து அளக்கும் கோலை, செய்தவரே ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டனர். இதற்குத் துணிவு வேண்டும்.

புதுக்குவோர் எப்போதும் பழையவருக்கு அடிமையாக இருக்க வேண்டும் என்பதும் கருத்தன்று. 1998-இல் வந்த ஹாஃப் லைஃப் என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஆர்வலர் குழு ஒன்று பிளாக் மெசா என்னும் பெயரால் முழுவதும் மீண்டும் கட்டியது. 2012-இல் அதன் பெரும்பகுதி இலவசமாக வெளிவந்தது. ஆனால் வேற்றுலகில் நிகழும் இறுதிப் பகுதியை அவர்கள் உடன் வெளியிடவில்லை. மூலத்தில் அப்பகுதி அவசரத்தில் முடிக்கப்பட்டது என்பது ஆடியோர் பலரின் எண்ணம். எனவே அதனை மட்டும் புதிதாகவே சிந்தித்து விரித்தனர். முழுப்பணி 2020-இல்தான் நிறைவெய்தியது. எங்கே மூலத்தை வழிபட வேண்டும், எங்கே அதனோடு வழக்காட வேண்டும் என்று அறிந்த புதுக்கம் அது. மூல ஆசிரியரான நிறுவனமும் அதனை விலைக்கு விற்க இசைவளித்தது. எல்லா நிறுவனமும் அவ்வாறு இசைவதில்லை. மெட்ராய்டு என்னும் விளையாட்டின் 1991-ஆம் ஆண்டுப் பாகத்தை அர்ஜென்டினா நாட்டு ஆர்வலர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் புதுக்கி 2016-இல் வெளியிட்டார். சில நாட்களுக்குள் உரிமையாளர் அதனைத் தடுத்தனர். மறு ஆண்டே தம்முடைய புதுக்கத்தைத் தாமே வெளியிட்டனர். சட்டம் உரிமையாளர் பக்கமே. ஆயினும் அவ்வார்வலர் பட்ட பாட்டை எண்ணுவோர் மனம் ஆறுவது எளிதன்று.

இவ்வழக்கு வெம்பாக்கத்துத் தறிக்கும் புறம்பானது அன்று. அட்டைகளுக்கு மாறாகக் கணினியால் இயங்கும் ஜக்கார்டுகள் பட்டு நெசவிலும் புகுந்துவிட்டன. பழைய பெட்டியில் 120 அல்லது 240 கொக்கிகளைக் கொண்டு செய்ததைப் போலப் பன்மடங்கு நுணுக்கத்தை இன்று செய்யலாம். அட்டை அடிக்கும் கூலி மிச்சம். நெசவாளர் உடலுக்கும் நலம். இதனை வேண்டாமென்பார் தறியில் ஒரு நாளேனும் அமர்ந்திராதவர். ஆனால் பழைய கரையைக் கணினியில் ஏற்றுவோர், அன்னத்தின் கழுத்திலுள்ள படிகளைக் குறையென்று கருதி இழைத்துவிடுகின்றனர். இறகுக்கு நிழலும் கொடுக்கின்றனர். அன்னம் புகைப்படம் போல ஆகிறது. சேலை அசையும்போது தொலைவிலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு வெளிறிய திட்டு தெரிகிறது. மயில்கண், உருத்திராக்கம், கோபுரக்கரை ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம். கோபுரக்கரையின் பல் போன்ற விளிம்பு, கரையும் உடலும் இணையும் கோர்வையோடு ஒட்டிப் பிறந்த அழகு. அதனை நேராக்கினால் கரை மிஞ்சும், கோபுரம் சாயும்.

இதற்கு எதிராக நல்ல முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1936-இல் சென்னையில் கலாச்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, அங்கே ஒரு நெசவுக்கூடமும் அமைத்தார். வழக்கொழிந்து கொண்டிருந்த பழைய காஞ்சிச் சேலைகளின் கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் அங்கே மீண்டும் நெய்வித்தார். பழைய சேலை கண்முன் இருந்ததனால், எதைக் கொண்டோம், எதை மாற்றினோம் என்பது நெய்தவருக்குத் தெரிந்தே இருந்தது.

இன்று குறைவது அச்சான்றுதான். கணினிக்கு மாறிய வீட்டில் பழைய அட்டைக்கட்டு எடைக்குப் போகிறது. கட்டத்தாளைக் கரையான் தின்கிறது. ஓர் அட்டைக்கட்டைப் படித்தல் பள்ளி மாணவர்க்கும் இயலாதது அன்று. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஒரு துளைக்கு ஒரு நிரப்பிய கட்டம். அட்டைகளை வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, கட்டத்தாளில் வரிவரியாகக் குறித்துக்கொண்டே வந்தால், சில மாலைகளில் கரையின் உரு தாளில் எழுந்துவிடும். அட்டையும் கிடைக்காத இடத்தில், பாட்டியின் பெட்டியிலுள்ள சேலையை விரித்து, உருப்பெருக்கும் கண்ணாடியால் இழை எண்ணிக் குறிக்கலாம். தாளின் ஓரத்தில் ஊரும் நாளும் எழுதி, கணினியில் புதிய அன்னத்தை வரைபவர் கையில் ஒரு படியும் பள்ளி நூலகத்தில் ஒரு படியும் வைத்தால், அவர் எந்தக் கட்டத்தில் கைவைத்தார் என்று பின்வருவோர் பார்த்துக்கொள்வர்.