மரக்கால் யார் கையில்?

உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன். களத்து மேட்டிலே குவிந்த நெல்லை அளப்பவனோ வேறொருவன்! அவன் கையிலுள்ள மரக்கால் நேர்மையான மரக்காலாக இருந்தால் உழைத்தவன் வீட்டில் உலை கொதிக்கும். அளவு பெருத்த கள்ள மரக்காலாக இருந்தால், வயல் பொன்னாய் விளைந்தும் அவன் வீட்டுப் பானை கவிழ்ந்தே கிடக்கும். விளைச்சலைப் பாடிய புலவர்கள் ஆயிரம் பேர். மரக்காலைத் தட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மக்களாட்சியின் கதையும் இதுவே. வாக்குரிமை புனிதமானது என்கிறோம். வாக்குச் சீட்டு வாளினும் வலியது என்கிறோம். மேடை அதிர முழங்குகிறோம், மாலை வாங்குகிறோம், வீடு திரும்புகிறோம். அந்த வாக்கை அளக்கும் மரக்கால் தேர்தல் சட்டம். அதை எடுத்து, திருப்பி, அடியைத் தட்டிப் பார்த்தோமா? பார்க்காத ஒரு நாடு பட்ட பாட்டைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்த நாடு போலந்து.

போலந்து எங்கே, நாம் எங்கே என்று புருவத்தை உயர்த்த வேண்டாம், தோழர்களே! பொதுவுடைமைக் கட்சியின் ஒற்றை ஆட்சியை, ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், வெறும் வாக்குச் சீட்டால் சாய்த்துக் காட்டிய நாடு அது. அத்தகைய வீர மக்களையே மரக்கால் ஏமாற்றியது என்றால், மற்றவர் எம்மாத்திரம்?

1989 சூன் 4. வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி முடித்த உடன்பாட்டின்படி தேர்தல் நடந்தது. செய்ம் எனப்படும் கீழவையின் 460 இடங்களில் 161 இடங்களுக்கு மட்டுமே உரிமைப் போட்டி. எஞ்சியவை ஆளுங்கட்சிக்கும் அதன் துணைகளுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த சொத்து! அப்படியும் என்ன நடந்தது? போட்டிக்கு விடப்பட்ட 161 இடங்களையும் சாலிடாரிட்டி இயக்கம் அள்ளிக்கொண்டது. மேலவையின் 100 இடங்களில் 99 அதன் வசம். போட்டியே இல்லாமல் வென்று விடலாம் என்று தேசியப் பட்டியலிலே சாய்ந்திருந்த 35 பெரிய மனிதர்களின் பெயர்களை மக்கள் பேனாவால் அடித்து அடித்துத் தள்ளினார்கள். பாதி வாக்கு வேண்டும் என்பது விதி. தேறியவர் இருவர், வீழ்ந்தவர் 33 பேர்! அன்றைய பிரதமரும் அந்த 33 பேரில் ஒருவர். பேனா முனையில் ஒரு பேரரசின் பல் உடைந்தது.

இந்த மக்கள்தாம் நான்கே ஆண்டுகளில் ஒரு காலை கண் விழித்துப் பார்த்தபோது, விரட்டப்பட்டவர்களின் வாரிசுகள் அரியணையில் அமர்ந்திருக்கக் கண்டார்கள். மக்கள் மனம் மாறிவிட்டதா? கொஞ்சம் மாறியது, மறுப்பதற்கில்லை. விலை ஏறியது, ஆலை மூடியது, வேலை போனது, கோபம் வந்தது. ஆனால் மனம் மாறியது ஒரு முழம்; மரக்கால் மாறியதோ ஒரு காதம்!

அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

1991 அக்டோபரில் முழு உரிமையோடு முதல் தேர்தல். நாடு முழுமைக்குமான தடை வரம்பு எதுவுமில்லை. விளைவு, 29 அணிகள் அவைக்குள் நுழைந்தன. பீர் பிரியர்கள் கட்சி என்று ஒன்று. அதற்கும் 16 இடம்! முதலிடம் பெற்ற கட்சிக்கே வாக்கில் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். கூடிக் கூடிக் கலைந்தன அமைச்சரவைகள். இது அவலம்தான், ஒப்புகிறேன். வீட்டுக்குக் கதவு வேண்டும் என்பதில் எனக்கும் வழக்கில்லை.

ஆனால் கதவு வைக்கச் சொன்னால், கோட்டை மதிலை எழுப்பலாமா? 1993 மே 28 அன்று செய்ம் அவை புதிய தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. தனிக் கட்சியாக வந்தால், நாடு முழுவதிலும் 5 விழுக்காடு வாக்குப் பெற வேண்டும். கூட்டணியாக வந்தால் 8 விழுக்காடு. ஒரு நூலிழை குறைந்தாலும் உள்ளே இடமில்லை. போதாக்குறைக்கு, பெரிய கட்சிக்கு மேலும் பெருக்கிக் கொடுக்கும் டி'ஹோண்ட் வகுத்தல் முறை வேறு. விந்தையைக் கேளுங்கள்! அதே மே 28 அன்றுதான், அதே அவையில், சாலிடாரிட்டித் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள் கொண்டு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒரே வாக்கு வேறுபாட்டில் வென்று, அன்னா சுகோட்ஸ்காவின் ஆட்சி கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் லெக் வலேசா அவையைக் கலைத்தார். ஒரு கையால் மதிலைக் கட்டினார்கள். மறு கையால் வீட்டைத் திறந்து வெளியே குதித்தார்கள்!

செப்டம்பர் 19இல் தேர்தல். ஆட்சியைக் கவிழ்த்த சாலிடாரிட்டிக்குக் கிடைத்தது 4.90 விழுக்காடு. வேண்டியது 5. நூலிழையில் வெளியே! தாயகம் என்று பெயர் சூட்டிக்கொண்ட கத்தோலிக்கக் கூட்டணிக்கு 6.37. கூட்டணியாயிற்றே, 8 வேண்டுமே, வெளியே! இப்படி வரிசை வரிசையாக வாயிலில் நின்ற கட்சிகளின் வாக்கெல்லாம் கூட்டினால், நாட்டில் விழுந்த வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் வாக்கு பெட்டியில் விழுந்தது, எண்ணப்பட்டது, பின்பு காற்றில் விடப்பட்டது.

பழைய ஆளுங்கட்சியின் வழிவந்த சனநாயக இடதுசாரிக் கூட்டணி பெற்ற வாக்கு 20.41 விழுக்காடு, இடங்கள் 171. அதன் பழைய துணையின் வழிவந்த உழவர் கட்சிக்கு 15.40 விழுக்காடு, இடங்கள் 132. இரண்டும் சேர்ந்தால் வாக்கு 100க்கு 36 கூட இல்லை, நாற்காலியோ 460இல் 303, நூற்றுக்கு 66! 36ஐ அளந்தால் 66 வருகிறது. இதற்குப் பெயர் மரக்காலா, மாயக்காரன் தொப்பியா?

"போனால் போகிறது, நான்காண்டு ஆட்சிதானே?" என்பார்கள் சிலர். அந்த அவை வெறும் வரவு செலவுத் திட்டம் போட்ட அவையன்று, தோழர்களே! புதிய அரசியல் சட்டத்தை வகுத்த அவை. நாட்டின் அடிப்படைச் சட்டம் எழுதப்படுகிறது. வாக்களித்தவரில் மூன்றில் ஒருவருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை! வெளியே நின்றவர்கள் கையொப்பம் திரட்டி ஒரு மாற்று வரைவை நீட்டினார்கள். நீட்டத்தான் முடிந்தது, அமர முடியவில்லை. 1997 மே மாதம் பொது வாக்கெடுப்பு. வந்து வாக்களித்தவர் 43 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏற்றவர் அதில் பாதிக்குச் சற்றே மேல். அன்று விழுந்த விரிசல் ஆண்டுகள் பல ஆகியும் மூடவில்லை. 'இது எங்களைக் கேட்டு எழுதிய சட்டமன்று' என்ற முணுமுணுப்பை வலதுசாரி மேடைகளிலே வளர்த்துவிட்டது எது? வாசலில் நிறுத்திய வஞ்சனையன்றோ!

இடதுசாரிகள் சூது செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த மரக்காலுக்குக் கட்சியுமில்லை, கொள்கையுமில்லை. இன்று இவரைக் கொல்லும். நாளை அவரைக் கொல்லும். 2001இல் ஆட்சியிலிருந்த சாலிடாரிட்டி வழிக் கூட்டணி 5.60 விழுக்காடு பெற்றும் 8இல்லை என்று துடைத்தெறியப்பட்டது. 2015இல் இடதுசாரிகளின் முறை வந்தது. அதை ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

அரங்கிலே ஒரு கோட்டை வாயில். காவலன் நிற்கிறான், கையிலே அளவுகோல்.

"யார் நீ?"

"இடதுசாரி வாக்காளன். நாங்கள் பதினொரு இலட்சம் பேருக்கும் மேல். நூற்றுக்கு ஏழரைப் பேர்."

"ஐந்தே போதுமே! வருக, வருக... நில்! தனியாக வந்தீர்களா, கூட்டாக வந்தீர்களா?"

"ஒற்றுமையே வலிமை என்றார்கள். பல கட்சிகள் கைகோத்து வந்தோம்."

"கைகோத்தா? அப்படியானால் எட்டு வேண்டும். எட்டிப் போ!"

"ஐயா, சற்று முன் உள்ளே போனாரே, அவரோடும் துணைக் கட்சிக்காரர்கள் போனார்களே?"

"அவர் பிடித்து வந்த பலகையில் ஒரே பெயர். நான் பலகையைத்தான் பார்ப்பேன். பின்னால் வரும் ஆளைப் பார்ப்பதில்லை!"

நாடகம் என்று நகைக்காதீர்கள். நடந்தது இதுதான். இடதுசாரிக் கூட்டணி பெற்ற வாக்கு 7.55 விழுக்காடு, கிடைத்த இடம் சுழியம். சட்டமும் நீதியும் என்னும் கட்சி, துணைக் கட்சியினரைத் தன் பட்டியலிலேயே ஏற்றிக்கொண்டு, தனிக் கட்சியாகப் பதிவு செய்துகொண்டது. வாக்கு 37.58 விழுக்காடு, இடங்கள் 235. பெரும்பான்மைக்கு வேண்டியது 231. அதிகம் நான்கே நாற்காலி! பதினொரு இலட்சம் பேரை உள்ளே விட்டிருந்தால் அந்த நான்கு நாற்காலி நிலைத்திருக்குமா? 1989க்குப் பின் தனியொரு கட்சிக்கு முதல் முறையாகக் கிடைத்த அந்தப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டுதான் அரசியல் சட்டத் தீர்ப்பாயத்தின் மீது கை வைத்தார்கள்; நீதிமன்றங்களின் அமைப்பை மாற்றும் சட்டங்களை அடுக்கினார்கள். 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் போலந்தின் மீது ஏழாம் பிரிவு நடவடிக்கையைத் தொடங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. 100க்கு 38 பேர் கூடத் தராத வாக்கு, எத்தனை தூரம் ஓடியது பார்த்தீர்களா?

இதிலே இன்னொரு வேடிக்கை! ஒரு கட்சி 3 விழுக்காடு வாக்குப் பெற்றால் அரசாங்கக் கருவூலத்திலிருந்து அதற்கு உதவிப் பணம் உண்டு. 2015இல் ராசெம் என்ற இளங்கட்சி 3.62 விழுக்காடு பெற்றது. பணம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. கட்சி அலுவலகத்துக்கு வாடகை கொடுக்க 3 போதுமாம். வாக்களித்தவன் வாய் திறக்க மட்டும் 5 வேண்டுமாம்! நந்தனிடம் உழைப்பை வாங்கிக்கொண்டு அவனைக் கோயில் வாயிலில் நிறுத்திய நீதிக்கும் இதற்கும் எத்தனை அங்குலம் தூரம்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுவார்: "தடை இல்லையேல் நிலையான ஆட்சி இல்லை, 1991ஐ மறந்தீரோ?" மறக்கவில்லை. ஆனால், வழக்கறிஞரே, 5 விழுக்காட்டுத் தடையோடு 1993இல் அமைந்த அவை நிலையான ஆட்சியையா தந்தது? நான்கு ஆண்டில் மூன்று பிரதமர்கள் மாறினார்களே! நிலைத்த ஆட்சி நிறைந்த நம்பிக்கையால் வருவது. வாசலை அடைத்து வருவதன்று. சிதறிக் கிடப்பவரைச் சேர்க்கவே தடை என்றால், சேர்ந்து வந்தவருக்கு 5க்குப் பதில் 8 ஏன்? ஒற்றுமைக்கு அபராதமா? அபராதத்துக்கு அஞ்சி என்ன செய்கிறார்கள்? 2019இல் இடதுசாரிகள் மூன்று அணியாகச் சேர்ந்தும், ஒரே கட்சியின் பட்டியலில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். 49 இடம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் தண்டனை, முகமூடி போட்டால் பரிசு! மக்களாட்சியின் முதல் பாடமே பொய்வேடம் என்றால், அந்தப் பள்ளியில் படிப்பவன் என்ன ஆவான்?

தலைவர்களுக்கும் இதிலே பங்குண்டு. அவர்களைத் தப்பவிட மாட்டேன். 1993இல் மதில் எழுந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு குடை, ஆளுக்கொரு பல்லக்கு. தலைவன் பல்லக்கில் ஏறினான். தொண்டன் வாக்குக் குப்பையில் ஏறியது. கள்ள மரக்கால் கண்ணெதிரே இருக்கும்போது, நெல்லைச் சிந்திச் சிதறவிட்ட மேஸ்திரிகள் அவர்கள்.

"2023இல் எல்லாம் சரியாகிவிட்டதே" என்று சிலர் ஆறுதல் சொல்லுவர். உண்மை, அக்டோபர் 15 அன்று 74 விழுக்காட்டுக்கும் மேல் மக்கள் வந்தார்கள், 1989ஐயே விஞ்சினார்கள். வ்ரோட்ஸ்வாஃப் நகரின் யாகோட்னோ குடியிருப்பில் நள்ளிரவு தாண்டியும் வரிசை கலையவில்லை. பின்னிரவு வரை நின்று வாக்களித்தார்கள். முதலிடம் பெற்ற சட்டமும் நீதியும் கட்சிக்கு 194 இடம். எதிரணியின் மூன்று அணிகளுக்கும் சேர்ந்து 248. எட்டு விழுக்காட்டுத் தடையை நேருக்கு நேர் ஏற்று நின்ற 'மூன்றாம் வழி' கூட்டணி 14.40 பெற்றுத் தாண்டியது. வாழ்த்துகிறேன், வரிசையில் நின்ற அந்தக் கால்களை! ஆனால் அந்தக் கூட்டணி 7.9 பெற்றிருந்தால்? அந்த வாக்குகள் அனைத்தும் மறுபடி காற்றில், ஆட்சி யாருக்கோ! வெள்ளம் கரையைத் தாண்டாததால் கரை உறுதி என்று கொள்ளலாமா? மக்கள் வென்றது மரக்கால் நேர்மையானதால் அன்று; கள்ள மரக்காலையும் மீறி நிறையும் அளவுக்கு அவர்கள் நெல்லைக் கொட்டியதால்!

ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் விடிய விடிய நிற்க வேண்டுமா, மரக்காலை ஒரு முறை திருத்தினால் போதாதா? திருத்த வழி மூன்று உண்டு. கட்சிக்குப் பணம் கொடுக்கும் 3 விழுக்காடே மக்களுக்கு இடம் கொடுக்கும் வரம்பாகவும் இருக்கட்டும். கூட்டாக வந்தாலும் தனியாக வந்தாலும் அளவு ஒன்றே ஆகட்டும். தன் கட்சி தடையைத் தாண்டாவிட்டால் தன் வாக்கு யாருக்குப் போக வேண்டும் என்று அதே சீட்டில் இரண்டாம் விருப்பத்தைக் குறிக்கும் உரிமை வாக்காளனுக்கு வரட்டும். வரம்பு இருந்தாலும் வாக்கு சாகாது. கதவு இருந்தாலும் குரல் அடைபடாது.

யார் வென்றார், யார் தோற்றார் என்பதை மட்டும் கேட்டுக் கைதட்டும் பழக்கத்தை விடுவோம், தோழர்களே. எந்த நாட்டுத் தேர்தல் செய்தி வந்தாலும் முதற்கேள்வி இதுவாகட்டும்: எத்தனை வாக்குக்கு எத்தனை இடம்? எத்தனை பேர் வாக்கு வாசலிலே மாண்டது? அந்தக் கேள்வி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு எழும் நாளில், மரக்காலைச் செதுக்குகிற கை நடுங்கும். வாக்களிப்பது உழவு, எண்ணும் விதியைக் காப்பது காவல். உழுதுவிட்டு உறங்கினால் விளைந்தது நமக்கில்லை!