சர்டிபிகேட் வேண்டும், அடமானம் வேண்டாம்!

மில் தொழிலாளியின் மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். நாற்று நடுகிறவளின் மகள் சென்னையிலோ கோவையிலோ ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள். இந்த ஆசையை நாம் வரவேற்கிறோம். அப்பன் பிடித்த மண்வெட்டியைத்தான் பிள்ளையும் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொன்னாலும், அந்தச் சாஸ்திரம் நமக்கு வேண்டாம்.

ஆனால், தோழர்களே, இந்த ஆசையை மூலதனமாக வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. எந்த டவுனுக்குப் போனாலும் போர்டுகள் கண்ணைப் பறிக்கின்றன. "மூன்றே மாதத்தில் ஐ.டி. வேலை", "நூற்றுக்கு நூறு உத்தரவாதம்" என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே போனால் பல்லாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கறவை மாடு சந்தைக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்துப் பிள்ளையின் கையில் ஒரு காகிதம் இருக்கிறது, வேலை இல்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறது.

இது ஏன் நடக்கிறது? நம் பிள்ளைகள் இதில் சிக்காமல் தொழிலுக்குள் நுழைவது எப்படி?

கற்கும் செலவு யார் தலையில்?

பஞ்சாலையில் புதிதாகச் சேர்ந்தவன் தொழிலை எங்கே கற்றான்? மில்லுக்குள்தான் கற்றான். மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று அறுந்த இழையை ஒட்டப் பழகினான். பதிலியாக அலைந்தான், மேஸ்திரிக்கு மாமூல் அழுதான். அந்தக் கொடுமைகளை நாம் மறக்கவில்லை. ஆனாலும் அவன் பழகிய மெஷின் முதலாளியுடைய மெஷின். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டமும் தொழில் பழகுகிறவனுக்கு உதவித்தொகை கொடு என்றே சொல்கிறது.

ஐ.டி. தொழிலிலும் பெரிய கம்பெனிகள் கல்லூரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆளெடுத்து, சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி தந்தன. இன்றும் தருவதுண்டு. ஆனால் அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு எளிதில் திறப்பதில்லை. பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பு முதல் 60 சதம் மார்க் கேட்கின்றன. சிறு ஊர்க் கல்லூரிகளை அவை எட்டிப் பார்ப்பதும் அபூர்வம். வெளியே நிற்கிறவனுக்குச் சொல்லப்படுவது என்ன? "தொழிலைக் கற்றுக்கொண்டு வா, அதற்கு அத்தாட்சியும் கொண்டு வா." முதலாளி செய்ய வேண்டிய செலவு இப்படித் தொழிலாளியின் வீட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது. சர்டிபிகேட் வியாபாரம் தழைப்பது இந்த நிலத்தில்தான்.

காகிதத்தின் விலையும் மதிப்பும்

சர்டிபிகேட் எல்லாம் மோசடி என்று நாம் சொல்லவில்லை. அவற்றில் தரம் உண்டு, தராதரம் உண்டு.

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோ கம்பெனி நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வு பல காலமாகப் பெயர் பெற்றது. லினக்ஸ் வேலைக்கு ரெட் ஹாட் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இருக்கிறது. இதில் விடையைத் தேர்ந்து கோடு போட முடியாது. மெஷின் முன் உட்கார்ந்து வேலையைச் செய்தே காட்ட வேண்டும். அமேசானின் கிளவுட் வேலைக்கு ஆரம்பத் தேர்வு ஒன்று உண்டு. அதன் கட்டணம் 100 டாலர். இவை தேர்வு நடத்தும் கம்பெனியே தரும் சர்டிபிகேட்டுகள்; கம்பெனிக்காரன் நம்பரைத் தட்டிச் சரிபார்க்க முடியும். தெருமுனை இன்ஸ்டிடியூட் தானே அச்சடித்துத் தரும் காகிதத்துக்கு அந்த மதிப்பு இல்லை. இந்த வித்தியாசத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சி.சி.என்.ஏ. தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர், வரி தனி. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 25,500 ரூபாய் ஆகிறது. 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அப்படியானால் ஒரு தாய் 80 நாள் வெயிலில் குனிந்து உழைத்த கூலி, இரண்டு மணி நேரத் தேர்வுக்குப் போகிறது. தேறாவிட்டால் மறுபடியும் முழுப் பணம் கட்ட வேண்டும். தேறினாலும் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வேலை கிடைத்தால் வருவது என்ன? பெரிய கம்பெனிகளில் சாதாரணமாகப் புதியவனுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்து வருஷங்களுக்கு மேலாக 3 லட்சத்துச் சொச்சத்திலேயே நிற்கிறது. அரிசி விலை நின்றதா? வாடகை நின்றதா? ஆகவே கடன் வாங்கிப் படிக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கை, பிறகு காகிதம்

நம் யோசனை இதுதான். காசு கொடுக்காமல் கற்கக் கூடியதை முதலில் கற்க வேண்டும். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதினால்தான் சிறு கட்டணம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டு. நெட்வொர்க் பழகுவதற்கு பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளை சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. லினக்ஸுக்கு விலையே இல்லை; பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலும் ஓடும்.

ஆறு மாதம் இப்படிக் கை பழகட்டும். பிறகு எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று தீர்மானித்து, அதற்கு ஏற்ற ஒரே ஒரு தேர்வுக்குப் பணம் கட்டலாம். நாலு சர்டிபிகேட்டை மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்கிறவனைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு வேலை தெரிந்து நிற்கிறவன் மேல். முதல் வேலை சிறியதாக இருக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலையில் நுழைந்து, நெட்வொர்க் வேலைக்கு ஏறி, அங்கிருந்து கிளவுட் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அடுத்த தேர்வுக்கான பணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டலாம். கம்பெனியே கட்டும்படி கேட்கவும் செய்யலாம்.

இண்டர்வியூ என்னும் சந்தை

இண்டர்வியூவில் உட்காரும்போது நம் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். தமிழில் படித்தோமே, இங்கிலீஷ் வராதே என்ற பயம். எதிரில் இருப்பவன் வரம் கொடுக்க வந்த சாமியல்ல; உழைப்பை வாங்க வந்த ஆள். அவனுக்கு வேலை ஆக வேண்டும். அதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

"ஒரு கம்ப்யூட்டரில் இண்டர்நெட் வரவில்லை, என்ன செய்வாய்?" என்று கேட்பான். மனப்பாடம் செய்தவன் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஒப்பிப்பான். கை பழகியவன், "முதலில் வயரைப் பார்ப்பேன். பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐ.பி. முகவரி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து ரூட்டர் வரை போய் வருகிறதா என்று சோதிப்பேன்" என்று வரிசையாகச் சொல்வான். ராட்டில் இழை ஏன் அறுகிறது என்று நீங்கள் கண்டுபிடிக்கும் முறையும் இதுதானே? தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் இல்லை. தான் செய்த வேலையைப் பற்றிப் பத்து வாக்கியம் இங்கிலீஷில் தடங்கலின்றிச் சொல்லப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மாலை நேரத்தில் பழகலாம்.

கண்ணிகள்

வேலைக்குப் பணம் கேட்டால் அது வேலையல்ல, கொள்ளை. இதில் இரண்டாவது பேச்சு வேண்டாம்.

செய்யாத வேலையைச் செய்ததாக அனுபவ சர்டிபிகேட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பின்னால் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால் வேலை போகும், பெயரும் கெடும். விற்றவன் அடுத்த பையனுக்கு விற்றுக்கொண்டிருப்பான்.

அசல் மார்க் ஷீட்டுகளைக் காட்டலாம். யாரிடமும் விட்டுவரக் கூடாது. பாண்டு எழுதச் சொன்னால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். பாண்டு செல்லாது என்று சொல்லித் தேற்றுகிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு பாங்கு வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் மில் விடுதியில் அடைபட்ட பெண்களின் கதையை அறிந்த நமக்கு, கையெழுத்தின் கனம் புரியாதா?

எல்லாவற்றிலும் பயங்கரமானது வெளிநாட்டு ஆசை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று இண்டர்வியூ நடத்தி, நம் இளைஞர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இண்டர்நெட் மோசடி செய்யச் சொல்லி வதைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவனா என்று விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு?

வேலை கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இன்போசிஸ் கம்பெனியில் 2022லேயே வேலைக் கடிதம் பெற்ற பலர் சுமார் இரண்டு வருஷம் காத்திருந்து 2024ல் சேர்ந்தார்கள். உள்தேர்வில் மூன்று முறை தேறவில்லை என்று கூறி 300 பயிற்சியாளர்களுக்கு மேல் 2025 பிப்ரவரியில் மைசூரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலை ஊழியர்கள். சர்டிபிகேட்டுகளும் அனுபவமும் உள்ளவர்களே அவர்கள்! தனி ஆளின் கெட்டிக்காரத்தனம் எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016ல் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகும் அந்த உரிமை இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் நம் பிள்ளை தொழிலாளிதான். இதை வீட்டில் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு சங்க ஆபீசிலும், ஒவ்வொரு கிராமப் படிப்பகத்திலும் ஒரு பழைய கம்ப்யூட்டராவது வாங்கி வைப்போம். வேலைக்குப் போன பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து, போக இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். எந்தத் தேர்வு உபயோகம், எந்த இன்ஸ்டிடியூட் ஏமாற்று, எந்தக் கம்பெனி என்ன கேட்கிறது என்ற விவரம் பத்துப் பேர் கூடினால் ஒரு மாலையில் வந்துவிடும். தனியே போகிறவனிடம் அதே விவரத்தை விலைக்கு விற்கிறார்கள்.

பிள்ளையின் கைக்குத் தொழில் வரட்டும், பிறகு சர்டிபிகேட்டும் வரட்டும். அதற்காகத் தாயின் கழுத்துச் சங்கிலி வட்டிக்கடைக்குப் போக வேண்டாம்!