புட்டுமாவும் மாத்திரையும்: கண்ணு இருந்தும் கடிகாரத்தை ஏன் பார்க்கணும்?

புட்டுக்கு மாவு விரவுறதைப் பார்த்திருப்பீங்க. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, விரலால விரவி, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பாங்க. பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். எங்கம்மா ஒருநாளும் "ஏழு நிமிஷம் தெளிக்கணும்"னு கணக்கு வச்சுக்கிட்டதில்லை. அடைமழையில ஈரம் இழுத்த மாவுக்கு ஒரு பக்குவம், வெயில்ல காஞ்ச மாவுக்கு வேற பக்குவம்.

மாத்திரை கம்பெனியில நடக்கிற கிரானுலேஷனும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான். ஃப்ளூயிட் பெட்னு ஒரு மிஷின். பெரிய ஸ்டீல் பாத்திரத்துக்கு அடியிலேர்ந்து சூடான காத்து வரும். நூறு, இருநூறு கிலோ பவுடர் அந்தக் காத்துல கஞ்சி கொதிக்கிற மாதிரி மிதந்து புரளும். மேலேர்ந்து பசைக் கரைசலைத் தூவுவாங்க. பொடியெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் குருணையாகும். அப்புறம் தூவுறதை நிறுத்திட்டு அதே காத்துலயே காய வைப்பாங்க.

எப்ப நிறுத்தறது? அங்கதான் சிக்கல். ஈரம் கூடிப்போனா மாத்திரை அடிக்கிற பஞ்ச்சுல ஒட்டிக்கும். ரொம்பக் காஞ்சுட்டா மாத்திரையோட தலை தொப்பி மாதிரி தனியா கழண்டு வந்துடும். வழக்கமா, குறிச்ச நேரம் முடிஞ்சதும் ஒரு சாம்பிள் எடுப்பாங்க. அதுல சில கிராமை ஈரப்பதம் பார்க்கிற தராசுல வச்சுச் சூடாக்குவாங்க. ரிசல்ட் வர நிமிஷக் கணக்காகும். இருநூறு கிலோவோட தலையெழுத்தை ஒரு ஸ்பூன் மாவு தீர்மானிக்கும்!

இதுக்குத்தான் இன்-லைன் கண்காணிப்பு. பாத்திரத்துச் சுவத்துல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அது வழியா அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியை, அதாவது என்ஐஆர் ஒளியை, அனுப்பறது. 1450, 1940 நானோமீட்டர் பக்கத்துல தண்ணி அதை நல்லா உறிஞ்சும். திரும்பி வர்ற ஒளியை வச்சு சில விநாடிக்கு ஒரு தடவை ஈரத்தைக் கணக்குப் போடலாம். குருணையோட அளவைப் பார்க்க லேசர் ப்ரோப் தனியா இருக்கு. அமெரிக்க எஃப்டிஏ 2004 செப்டம்பர்லயே இந்த மாதிரி முறைகளை ஊக்குவிச்சு வழிகாட்டுதல் போட்டாச்சு.

அப்புறம் என்னய்யா குறைங்கறீங்களா? சொல்றேன்.

நான் பார்த்த ஒரு ஆலையில ப்ரோப் இருந்துச்சு. திரையில அழகா வளைகோடு ஓடும். ஆடிட்டர் வந்தா முதல்ல அதைத்தான் காட்டுவாங்க. ஒரு மழைக்கால நைட் ஷிஃப்ட். காத்துலயே ஈரம் ஜாஸ்தி. பேட்ச் ரெக்கார்டுல உலர்த்தும் நேரம் 45 நிமிஷம். 45 ஆகும்போது வளைகோடு இன்னும் கீழ இறங்கிட்டுதான் இருக்கு. ஆபரேட்டர் அண்ணன் பார்த்தார். "இன்னும் காயலை தம்பி"ன்னார். ஆனா நேரத்தைத் தாண்டினா டீவியேஷன் எழுதணும். நிறுத்திட்டார். சாம்பிள் ஃபெயில். திரும்ப ஓட்டி, எப்படியும் டீவியேஷன் எழுதி, விடியற வரைக்கும் கையெழுத்துக்கு அலைஞ்சோம்.

மிஷினுக்குத் தெரியுது, மனுஷனுக்கும் தெரியுது, காகிதத்துக்கு மட்டும் தெரியலை. காகிதம்தான் ஜெயிச்சுது.

க்யூஏ தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். ஜன்னல் மேல ஈர மாவு அப்பிக்கிட்டா ப்ரோப் அந்த அப்பினதையேதான் பார்த்துக்கிட்டு இருக்கும். லாக்டோஸ் சப்ளையர் மாறி, துகள் அளவு மாறினா ஒளிச் சிதறலும் மாறும். பழைய கணக்கு தப்பாகும். மாடலை அப்பப்ப சரி பார்த்துக்கிட்டே இருக்கணும். எல்லாம் வாஸ்தவம். அதுக்காக கடிகாரத்தை நம்பலாமா? அது மாவை ஒருதடவைகூட பார்த்ததில்லையே :-)

என் கட்சி இதுதான். ரெக்கார்டுல நேரத்தை எழுதாதீங்க, ஈரத்தை எழுதுங்க. நேரம் வெறும் எல்லைக்கோடா இருக்கட்டும். ப்ரோப்புக்குத் துணையா மாவோட வெப்பநிலையையும் பாருங்க. தண்ணி ஆவியாகிட்டு இருக்கிற வரைக்கும் அது பெருசா ஏறாது. ஈரம் தீர்ந்து வரும்போது சட்டுனு ஏற ஆரம்பிக்கும். அந்த தெர்மாமீட்டர் எல்லா மிஷின்லயும் ஏற்கனவே இருக்கு, காசே செலவில்லை. ரெண்டும் ஒத்துப்போனா நிறுத்துங்க. முரண்டு பிடிச்சா சாம்பிள் எடுங்க.

"மூணு பேட்ச் வேலிடேஷன் பண்ணியாச்சு, இனி எதையும் தொடக்கூடாது"ங்கற பேச்சும் பழசு. எஃப்டிஏ 2011 ஜனவரியில வெளியிட்ட வழிகாட்டுதல்ல மூணுங்கற கணக்கே கிடையாது. தயாரிப்பு நடக்கிற காலம் பூரா கவனிச்சுக்கிட்டே இருன்னுதான் சொல்லுது.

கவனிக்கிறதுன்னா, பார்த்ததுக்கு ஏத்தாப்புல கை நகரணும். இல்லேன்னா அந்த ப்ரோப், கல்யாண வீட்டுல திருஷ்டிக்குக் கட்டின பூசணிக்காய்தான்.

டிஸ்கி: மருந்துத் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது "எங்க ஆலையில ஈரத்தைப் பார்த்துதான் நிறுத்தறோம்"னா பின்னூட்டத்துல சொல்லுங்க. சந்தோஷமா என் கருத்தை மாத்திக்கறேன்.