கம்பியில் என்ன போகிறது?

சென்ற ஆண்டு இரண்டு நல்ல கடிகாரச் சில்லுகளைக் குப்பையில் போட்டேன். டிஎஸ்3231 என்னும் அச்சில்லு என் ஆர்டுவினோ பலகைக்குப் பதிலே சொல்லவில்லை. போலியைத் தள்ளிவிட்டதாக விற்றவரிடம் சண்டையும் போட்டேன். மூன்றாவதும் ஊமையான பிறகே, கம்பியில் உண்மையில் என்ன போகிறது என்று பார்க்கத் தோன்றியது.

அதற்கான கருவி லாஜிக் அனலைசர். ஹியூலெட் பேக்கார்ட் 1973-இல் வெளியிட்ட 5000ஏ, ஒன்றையும் சுழியையும் இரண்டு வரிசை எல்இடி விளக்குகளில் காட்டியது. இன்று ராஸ்பெர்ரி பை பிக்கோ ஒன்று போதும். வினாடிக்குப் பத்து லட்சம் முறை எட்டுக் கம்பிகளின் நிலையைப் படித்து, முறைக்கு ஒரு பைட்டாக நினைவகத்தில் அடுக்கி, நிறைந்ததும் கணினிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே நிரல். அதன் 264 கிலோபைட்டில் இரண்டு லட்சம் பைட்டை ஒதுக்கினால், வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அகப்படும். அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஐ2சி இணைப்பின் வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்குள் இருபதாயிரம் பிட்டுகள் ஓடிவிடும். (பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் சுற்றானால் 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் மின்தடைகளால் பகுத்தே கொடுக்க வேண்டும். நான் இதைக் கற்ற விதத்தைச் சொல்லப்போவதில்லை.)

திரையில் கண்டது என் பிழையை. சில்லின் ஏழு பிட் முகவரி, பதினாறடிமான எண்ணில், 68. நானோ எழுதுவதற்கான கடைசி பிட்டையும் சேர்த்து டி0 என்று கொடுத்திருந்தேன். ஆர்டுவினோவின் ஆயத்த நிரல் தன் பங்குக்கு அதை இன்னும் ஓரிடம் நகர்த்த, தலைப்பிட் உதிர்ந்து கம்பியில் போனது ஏ0. ஒன்பதாம் துடிப்பில் 'கேட்டேன்' என்று கம்பியைத் தாழ இழுக்க அங்கு எவருமில்லை. வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, இந்த வீட்டுக்காரரை ஊமை என்றிருக்கிறேன்.

24 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் எட்டுத் தடம் படிக்கும் மலிவான கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. சிக்ராக் திட்டத்தின் இலவச மென்பொருளான பல்ஸ்வியூவில் அவை இயங்கவும் செய்யும். பிறகு ஏன் மெனக்கெட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவசரமுள்ளவர் வாங்கட்டும். கற்க வந்தவர் முதலில் ஒன்றைச் செய்துவிட்டே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனெனில் இக்கருவி பொய் சொல்லும். இரு வாசிப்புகளுக்கு இடையே அது குருடு. மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை விழிப்பது, 200 நானோ வினாடியில் வந்து மறையும் துடிப்பைத் தவறவிட்டுவிடலாம். அளவு மீறிய மின்தடையால் சோம்பி ஏறும் மின்னழுத்தத்தையும் செங்குத்துக் கோடாகவே வரையும். அதைக் காண ஆஸிலாஸ்கோப்தான் வேண்டும். வாசிக்கும் நிரலைத் தன் கையால் எழுதியவனுக்கு அந்தக் கோடு எங்கே ஊகம் என்று தெரியும். வாங்கியவன் படத்தின் கூர்மையில் மயங்கிவிடுவான்; நானும் மயங்கியிருப்பேன்.

மூன்றாவது சில்லு மேசையில் மணி காட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.