கடிகாரம் யார் கையில்?

"நேரம் இடிக்குது தோழர்" என்றான் அந்தத் தம்பி. சட்டம் படிக்கிறவன். நம்ம சேரிப் பையன்தான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் சுண்டூர்த் தீர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கொலை எத்தனை மணிக்கு நடந்தது என்பதையே அரசுத்தரப்பு நிறுவவில்லை என்றால், அந்த நேரத்தில் இவன் அங்கே இருந்தான் என்று எப்படிச் சொல்வது, சந்தேகத்தின் பலன் அவனுக்குத்தானே போக வேண்டும் என்று கேட்டான். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். ஆந்திரத்தில் அப்போது குண்டூர் மாவட்டத்தில் இருந்த ஊர் சுண்டூர். 1991 ஜூலையில் அங்கே சினிமாக் கொட்டகையில், படித்த தலித் இளைஞன் ஒருவனின் கால் ரெட்டி சாதிப் பையன்மேல் பட்டுவிட்டது. அதிலிருந்து கிளம்பிய பகை, தலித்துகளுக்கு வேலை கிடையாது என்ற ஊர்க்கட்டுப்பாடாக வளர்ந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி பட்டப்பகலில் வயலிலும் வாய்க்கால் கரையிலும் விரட்டி விரட்டி எட்டு தலித்துகளைக் கொன்றார்கள். பிணங்களைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் எறிந்தார்கள். போலீஸ் காவல் ஊருக்குள்ளேயே இருந்தது. செத்தவர்களை நம் சனங்கள் ஊர் நடுவில் புதைத்து அந்த இடத்துக்கு ரத்தக்ஷேத்திரம் என்று பெயர் வைத்தார்கள். தனி நீதிமன்றத்தைப் போராடிச் சுண்டூருக்கே வரவைத்தார்கள். பதினாறு வருசம் கழித்து, 2007 ஜூலை 31இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை, 35 பேருக்கு ஓராண்டு. 2014 ஏப்ரல் 22இல் உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. சாவு நேர்ந்த சரியான நேரம், நடந்த இடம், தாக்கியவர்களின் அடையாளம், மூன்றையும் அரசுத்தரப்பு நிரூபிக்கவில்லையாம்.

சரியான நேரம்! உயிருக்குப் பயந்து சேற்றில் விழுந்து எழுந்து ஓடுகிறவன் எந்தக் கையைத் திருப்பி மணி பார்ப்பான்? பிரேதப் பரிசோதனை செய்கிற மருத்துவர்கூட இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் எழுத முடியும். தண்ணீரில் ஊறிய உடம்பென்றால் அந்தக் கணக்கும் கலங்கிப்போகும். அப்படியானால் பிணத்தைத் தண்ணீரில் போட்டவன் யார்? நேரத்தை அழித்தவனே, நேரம் தெளிவாக இல்லை என்று சொல்லி வெளியே வருகிறான். இதுவா சந்தேகத்தின் பலன்? கைவரிசையின் பலன் இது.

அன்றைக்குச் சுண்டூரில் கையில் கடிகாரமும் பையில் நோட்டும் வைத்திருக்க வேண்டியவர்கள் போலீஸ்காரர்கள். எத்தனை மணிக்கு எங்கே நின்றோம், எத்தனை மணிக்குக் கும்பல் திரண்டது என்று எழுதிவைப்பது அவர்கள் வேலை. அதற்குத்தான் சம்பளம். அவர்கள் எழுதாமல் விட்டதற்கும் மழுப்பி எழுதியதற்கும் தண்டனை சாட்சி சொன்ன சனங்களுக்கு.

என் அம்மா ஒருமுறை கோர்ட்டில் சாட்சி சொன்னாள். என் தாய்மாமனை ஊர்க்காரர்கள் அடித்துக் கையை முறித்த வழக்கு. "மணி நாலா, அஞ்சா? கரெக்டா சொல்லும்மா" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தார். "எங்கிட்ட ஏதுங்க கடியாரம்? ஆண்டை வீட்ல கூலி அளக்கிற நேரமுங்க" என்றாள் அம்மா. கோர்ட்டே சிரித்தது. அவள் சொன்னதைவிடத் துல்லியமாக அந்த ஊரில் யாராலும் நேரம் சொல்லியிருக்க முடியாது. கூலி அளக்கிற நேரம் தப்பினால் அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை கிடையாது. சாட்சிக்கு நேரம் தெரியவில்லை என்று முடித்து எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அம்மா சாகிறவரைக்கும் தன்னால்தான் கேஸ் தோற்றது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய நேரம் எப்படி நிரூபணமாகிறது தெரியுமா? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்கு 1970இல் பத்தாண்டு தண்டனை கிடைத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. அவன் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்பதற்கு அவன் சொத்தே சாட்சி. நம்ம ஆள் அங்கே இருந்து பார்த்தான் என்பதற்கு அவன் தீக்காயம்கூடச் சாட்சி இல்லை.

தம்பி விடவில்லை. "நாளைக்கு நம்ம பையன் ஒருத்தன் மேல பொய்க்கேஸ் போட்டா, இதே நேரக் கணக்குதானே தோழர் அவனக் காப்பாத்தும்?" என்றான். நியாயமான கேள்வி. சந்தேகத்தின் பலன் என்கிற விதியை உடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சிறைகளில் நம்ம பையன்கள் நிறையப் பேர் கிடக்கிறார்கள், அந்த விதி அவர்களுக்கும் வேண்டும். ஆனால் "அந்த நேரத்துல நான் கூலிக்குப் போயிருந்தேன்" என்று அவன் சொன்னால் அதற்கு எந்த ரிஜிஸ்தரில் கையெழுத்து இருக்கிறது? கூட வேலை செய்தவர்கள் வந்து சொன்னால் வேண்டப்பட்ட சாட்சி என்று தள்ளுகிறார்கள். தராசு ஒன்றுதான். படிக்கல்தான் வேறு வேறு. அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. சட்டமே அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நான் வேறிடத்தில் இருந்தேன் என்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்பது 2024 வரை நடப்பில் இருந்த பழைய சாட்சியச் சட்டத்தின் 103ஆம் பிரிவு. கும்பலாக வந்து தாக்கும்போது எவன் என்ன செய்தான் என்று சாட்சி துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதை 1964இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு குற்றவாளியின் நேரத்தையும் தனித்தனியாகச் சோதி, பொருந்தாதவனை விடு. அது நீதி. எட்டுப் பிணத்துக்கும் சேர்த்து ஒரு மணிக்கணக்குக் கேட்டு, அது கிடைக்கவில்லை என்று அத்தனை பேரையும் விடுவது நீதியா?

தம்பி, நீ வக்கீலாகப் போகிறவன். உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த சேரி எரிந்த அன்றைக்கு ராத்திரியே நோட்டோடு போய் நில். கிழவி "மாடு திரும்புற நேரம்" என்றால் அதை அப்படியே எழுது. பக்கத்தில் அது எத்தனை மணி என்று நீ எழுது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியதும் வாசித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. போலீஸ் அதைச் செய்யவைக்கும்வரை ஸ்டேஷனை விட்டு நகராதே. கோர்ட்டில் அந்தக் கிழவியைப் பார்த்து எவனாவது "மணி நாலா, அஞ்சா?" என்று சிரித்தால், எழுந்து நின்று கேள்: அன்றைக்கு அந்த ஊரில் கடிகாரம் கட்டியிருந்தவர்கள் யார், அவர்களை ஏன் கூண்டில் ஏற்றவில்லை?