பசுமை அறிக்கையில் ஒரு கட்டம் இல்லை

நெய்வேலியில் இப்போது எல்லோரும் பசுமை பேசுகிறார்கள். என்.எல்.சி. சூரியஒளி மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தை 2020இல் மூடிவிட்டார்கள். புதிய நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்கும் பழுப்பு நிலக்கரி குறைகிறது. நல்லதுதான். புகை குறைந்தால் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் நல்லதுதான்.

ஆனால் தோழர்களே, அதே 2020இல் மே 7, ஜூலை 1 என்ற இரண்டு தேதிகளையும் மறக்காதீர்கள். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டே மாதத்துக்குள் இரண்டு கொதிகலன் விபத்துகள். ஜூலை 1 அன்றே ஆறு உயிர்கள் போயின. ஒப்பந்தத் தொழிலாளர்களின் உயிர்கள்.

பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபி வகுத்த படிவத்தில் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். தொழிலாளர் பற்றிய அட்டவணையில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று கட்டங்கள் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை.

இது தற்செயலா? நிரந்தர வேலை என்றால் பொதுத்துறையில் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். அதே வேலையை ஒப்பந்ததாரர் கையில் கொடுத்துவிட்டால் இடஒதுக்கீடும் இல்லை, கணக்கும் இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் 'செயல்திறன்' என்கிற பாராட்டு. செலவு எவ்வளவு குறைந்தது என்று எழுதுகிறார்கள். அது யார் தலையில் இறங்கியது என்று எழுதுவதில்லை.

"விபத்து சாதி பார்த்தா வருகிறது?" என்று கேட்பார்கள். விபத்து பார்க்காது. யாரைச் சாம்பல் அள்ள அனுப்புவது, யாரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்கிற அமைப்பு பார்க்கும். "அப்படி எதுவும் இல்லை" என்பவர்கள் எண்ணைக் காட்டட்டும்.

நாம் கேட்டு வாங்குவோம். என்.எல்.சி. மத்தியப் பொதுத்துறை நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். மூன்று கேள்விகள் போதும். ஒப்பந்தத் தொழிலாளர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? அவர்கள் எந்தெந்தப் பிரிவில் வேலை செய்கிறார்கள்? 2020 முதல் பணியிடத்தில் இறந்தவர்களில் அவர்கள் எத்தனை பேர்?

கட்டணம் 10 ரூபாய். மாணவர்களே, இந்த வாரமே அனுப்புங்கள். பதில் வந்தால் அது நம் கையில் ஆயுதம். "அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை" என்று வந்தால், அதுவே குற்ற ஒப்புதல்.